பெல்டோ, இரண்டு பேர், ஏழு மணி

எங்கள் கடையில் யாரும் பிரான்சுக்குப் போனதில்லை.
வெண்டெல் போனது சிகாகோ வரை,
அதுவும் ஒரு சாவுக்கு.
ஆனாலும் வெங்காயத்தை
முக்கால் மணி நேரம் விடாமல் கிளறுவான்,
தேன் நிறம் போய், செங்கல் நிறம் போய்,
துறைமுகத் தண்டவாளத்தின் துரு நிறம் வரும்வரை.
பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தின் தலையில்
சாய்கோடு ஒன்று இருந்தது.
போன ஜனவரிக் காற்றில் விழுந்துவிட்டது.
டுலூத் நகரில் யாரும் அதைத் தேடவில்லை.

பதினோரு மேசை.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
ஒரு ரொட்டிக்கூடை ஒருக்களித்துப் போகும்.
உப்பு கேட்டால் மூன்று பக்கத்திலிருந்தும் உப்பு வரும்.
அடுத்தவர் சண்டையைக் காதில் போட்டுக்கொள்ளாமல்
இங்கே ஒரு கரண்டி சூப்பு குடிக்க முடியாது.

பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
கதவைத் திறக்கிற ஒவ்வொருவரும்
சுப்பீரியர் ஏரியில் ஒரு முழத்தை உள்ளே கொண்டுவருகிறார்கள்.
கம்பளித் திரைக்கு இப்பால் வந்ததும்
மூக்குக்கண்ணாடி வெளுத்து, குருடாய் நின்று,
கோட்டை யாரிடமோ நீட்டுகிறார்கள்.
அந்த யாரோ நான்.

பதிவேட்டில் நவம்பரிலேயே எழுதியிருந்தேன்:
பெல்டோ, இரண்டு பேர், ஏழு மணி, கல்யாண நாள்.
வந்தார்கள். முதலில் அவள்,
நாலு நிமிஷம் கழித்து அவர்.
"காலையில்தான் கையெழுத்துப் போட்டோம்" என்றாள்
கையுறையைக் கழற்றிக்கொண்டே.
வீடு வாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணி
வாழ்த்துகள் என்றேன்.
டுவேன் பெல்டோ தரையைப் பார்த்து நன்றி சொன்னார்.

ஒரு சட்டி சிப்பி. ஒரு குவளை வெள்ளை ஒயின்.
காலி ஓடு ஒன்றையே இடுக்கியாக்கி
அவர் சதையை எடுத்து எடுத்து
அவள் தட்டோரம் வைத்தார்.
ஐந்தாறுக்குப் பிறகு கை நின்றது.
ஒரு சிப்பி பாதி வழியில், வெண்ணெய் சொட்ட,
எந்தத் தட்டுக்கும் சேராமல்.
அவள் முள்கரண்டியால் அதை வாங்கி
வாயில் போட்டுக்கொண்டு
"பூண்டு தூக்கல்" என்றாள்.
ரொட்டியின் மொறுமொறு முனை அவளுக்கு,
நடுப்பஞ்சு அவருக்கு.
கேட்காமலே பிரிந்தது.

கிரெம் புருலேயில் மெழுகுவத்தி நிற்காது.
மேலே சர்க்கரை, நேற்றுப் பிடித்த பனிக்கட்டிபோல;
குத்தினால் விரியும்.
வெண்டெல் ஒரு துண்டு ரொட்டியில் ஊன்றி அனுப்பினான்.
நான் கொண்டுபோய் வைக்க,
ஆறாம் மேசை ஹால்வர்சன் அம்மாள் கைதட்ட,
பதினோரு மேசையும் தட்டியது.
எத்தனையாவது வருஷம் என்று கேட்டாள் அம்மாள்.
"பதினாறு" என்றார் டுவேன்.
பொய்யில்லை.
இருவரும் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
"ஊது. சொட்டுது" என்றாள் மாரித்.
சேர்ந்துதான் ஊதினார்கள்.

பில்லை இரண்டாக்கச் சொன்னபோதுதான்
நீதிமன்றம் இரண்டு தெரு தள்ளி என்பது
என் மரமண்டையில் உறைத்தது.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"மூணு மாசம் காத்துக் கிடைச்ச மேசை" என்றாள்,
"விட மனசு வருமா?
கை நனைச்சிட்டுப் பிரியறோம், அவ்வளவுதான்."
டிப்ஸ் தனித்தனியாக வைத்தார்கள்.
இரண்டும் ஒரே தொகை.

குப்பை கொட்டப் போனபோது பார்த்தேன்.
அவர் வண்டி குளிரில் கிளம்பவில்லை.
இரண்டு காரும் மூக்கோடு மூக்கு,
பானெட் திறந்து, நடுவே
சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று.
அவள் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்க,
அவர் சாவியைத் திருக,
இருமி இருமி
மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது.
முழங்கைக்கும் பெருவிரலுக்குமாக
வயரைச் சுற்றினார்.
அப்புறம் அதை யார் டிக்கியில் வைப்பது என்று
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

பின்கதவைத் திறந்து வெண்டெல் கத்தினான்:
நாலாம் மேசை சூப்பு ஆறிப்போகுது.